கோட்டைப் பேண்டும் டெல்லி மைனாவும்

விம்கோ நகர் என்னும் பெயரைக் கேட்டவுடன் அது யாரோ ஒரு பெரியவரின் ஞாபகார்த்தமாக வைக்கப்பட்டது என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் 1923இல் ஸ்வீடன் தேசத்தாரின் முதலீட்டில் தொடங்கப்பெற்ற வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டிக் கம்பெனியின் முதலெழுத்துகளே, அதன் திருவொற்றியூர்த் தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கும், பின்பு ரயில் நிலையத்துக்கும், 2021 பிப்ரவரி 14ஆம் தேதி வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் நீட்டப்பெற்ற மெட்ரோ பாதையின் அப்போதைய கடைசி நிலையத்துக்கும் பெயராக நிலைத்துவிட்டன. இவ்வூருக்குக் கிழக்கே வங்கக் கடல். மேற்கே, பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால், மணலி. அந்தக் கடலையும் மணலியையும் இருபுறமும் வைத்துக்கொண்டு, ஒரு மாலை வேளையில், டியூக் எல்லிங்டன் என்ற அமெரிக்கக் கறுப்பின மேதையும் அவருடைய உற்ற துணைவரான பில்லி ஸ்ட்ரேஹார்னும் சேர்ந்து இயற்றிய ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ என்னும் ஜாஸ் இசைத்தொகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இந்தச் சங்கீதத்துக்கும் இந்தப் பிரதேசத்துக்கும் உள்ள உறவு நாம் சாதாரணமாக எண்ணுவதைவிட மிகப் பழையது என்ற எண்ணம் என்னுள் உறுதிப்பட்டது.

மணலி என்றால் இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைதான் நினைவுக்கு வருகிறது. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷாக இருந்து பெருஞ்செல்வம் ஈட்டிய மணலி முதலியார் குடும்பத்தார், திருவாரூரிலிருந்து ராமஸ்வாமி தீக்ஷிதரைக் குடும்பத்தோடு வரவழைத்துத் தம் ஊரிலேயே வைத்து ஆதரித்தனர். அவருடைய மூத்த குமாரர் முத்துஸ்வாமி தீக்ஷிதர், பிற்காலத்தில் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவராகப் போற்றப்பட்டவர், தம் இளமையின் ஒரு பகுதியைக் கழித்தது இந்த மணலியில்தான். சிதம்பரநாத யோகி அவரைக் காசிக்கு அழைத்துச் சென்றதும் இங்கிருந்துதான். முதலியாருக்குத் தெற்கே செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் அலுவல் இருந்தது. கோட்டையிலோ வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. தீக்ஷிதரை அந்த வாத்தியத்தைக் கேட்க அழைத்துச் சென்றார்கள் என்றும், அவருடைய இளைய சகோதரர் பாலுஸ்வாமி தீக்ஷிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயில்வதற்கு ஏற்பாடு செய்தார்கள் என்றும் சங்கீத சரித்திரம் கூறுகிறது. இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நம்மால் கற்பனை செய்யவும் இயலவில்லை என்றால், அந்தச் சம்பிரதாயத்தின் ஊற்றுக்கண்களில் ஒன்று, விம்கோ நகருக்கு மேற்கே, கால்வாய்க்கு அக்கரையில் இருந்தது என்பதை இவ்வூர்ப் பள்ளிக்கூடங்களில் ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

கோட்டையில் கேட்ட மெட்டுகளுக்குத் தீக்ஷிதர் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தார். ஏறத்தாழ நாற்பது உருப்படிகள். எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்தவை. நோட்டுஸ்வரம் என்று அவற்றுக்குப் பெயர். ஆங்கில ராஜ கீதத்தின் மெட்டுக்கூட அவற்றுள் ஒன்றில் அம்பிகையைத் துதிக்க வந்து நிற்கிறது. இவற்றைக் குழந்தைகளுக்கான பால பாடம் என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. அந்நியப் படையின் அணிவகுப்புச் சங்கீதத்தை வெறுக்கவும் செய்யாமல், அதன் நடையிலே மயங்கித் தம் நடையை மறக்கவும் செய்யாமல், காதால் வாங்கி, உள்ளத்தில் வைத்து, தம் தெய்வத்தின் சந்நிதிக்குக் கொண்டுபோன அந்தக் கேள்வி ஞானம் சாமானியமானதன்று. பிற்காலத்தில் ஸ்தலம் ஸ்தலமாக யாத்திரை செய்து, அந்தந்த ஊரின் தீர்த்தத்தையும் விருட்சத்தையும் தம் கிருதிகளில் பதித்து வைத்த மகான் அவர் என்பதையும் சேர்த்து நினைத்தால், கேட்டதும் கண்டதும் அவரிடம் ஒரே வழியாகவே சங்கீதமாயின என்று தோன்றுகிறது.

அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1963ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அமெரிக்க அரசாங்கத்தின் அயல்நாட்டு இலாகா எல்லிங்டனையும் அவருடைய குழுவையும் டமாஸ்கஸ் தொடங்கி மேற்காசியாவுக்கும் தெற்காசியாவுக்கும் அனுப்பி வைத்தது. சோவியத் நாட்டோடு பனிப்போர் நடந்த காலம் அது. தம் சொந்த நாட்டில் சம உரிமைக்காக இன்னும் வீதியில் நின்று போராட வேண்டியிருந்த ஓர் இனத்தின் கலைஞர்களையே அந்நாட்டின் சுதந்திரத்துக்குச் சாட்சியாக உலகெங்கும் அனுப்பினார்கள் என்பது சரித்திரத்தின் வேதனையான முரண்களில் ஒன்று. அந்தப் பிரயாணத்தின் நிரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா ஆகியவற்றோடு சென்னையும் இருந்தது. டெல்லியில் எல்லிங்டன் நோயுற்று ஆஸ்பத்திரியில் படுத்தார். பின்பு தேறி யாத்திரையைத் தொடர்ந்தார். நவம்பர் 22ஆம் தேதி, குழு துருக்கியின் அங்காரா நகரில் இருந்தபோது, ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வரவே, எஞ்சிய கச்சேரிகள் ரத்தாகி எல்லோரும் ஊர் திரும்பினர்.

திரும்பியவுடன் அவர் இந்திய ராகம் ஒன்றை எடுத்து ஜாஸில் பொருத்திக் காட்டியிருந்தால், அது சில நாள் வியப்பாகப் பேசப்பட்டு மறைந்திருக்கும். கண்டதையும் கேட்டதையும் அப்படியே பிரதி செய்யக் கூடாது, அவை தமக்குள் ஊறி வெளிவரட்டும் என்று அவர் காத்திருந்தார். 1964இன் தொடக்கத்தில் சில பகுதிகள் மட்டும் மேடையேறின. 1966 டிசம்பரில்தான் நியூயார்க்கில் முழுத் தொகுப்பும் ஒலிப்பதிவாகியது. நான்கு டிரம்பெட், மூன்று டிராம்போன், சாக்ஸபோனும் கிளாரினெட்டும் வாசிக்கும் ஐவர், பியானோ, பாஸ், டிரம்ஸ் ஆகப் பதினைந்து பேர் கொண்ட இத்தகைய குழுவைத்தான் ஜாஸ் உலகத்தார் பிக் பேண்டு என்கிறார்கள். நம் ஊர்க் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வரும் பேண்டு செட்டுக்கு இது தூரத்து உறவு என்று சொன்னால் பிழையில்லை. இரண்டுக்கும் பாட்டன் ராணுவப் பேண்டுதானே.

ஒன்பது பகுதிகள். டெல்லியில் ஸ்ட்ரேஹார்ன் தங்கியிருந்த அறைக்கு வெளியே ஒரு மைனா ஒரே தொடரைத் திரும்பத் திரும்பப் பாடியதாம். அதுவே ‘புளூபேர்ட் ஆஃப் டெல்லி’ என்ற பகுதியாகியது. ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட் அந்தப் பறவையாகிக் கிளை விட்டுக் கிளை தாவ, கீழே மற்ற வாத்தியங்கள் டெல்லித் தெருவைப் போல் இரைகின்றன. ‘ஆக்ரா’வில் ஹாரி கார்னியின் பாரிடோன் சாக்ஸபோன் தாஜ்மகாலின் கனத்தை மந்திர ஸ்தாயியில் எழுப்புகிறது, லெபனான் மலையொன்றின் பெயரால் ஒரு பகுதி, பாரசீக நகரின் பெயரால் ‘இஸ்ஃபகான்’. ஜானி ஹாட்ஜஸ் வாசித்த அந்த ‘இஸ்ஃபகான்’, கேட்பவர் கண்களில் நீர் வரச் செய்யும் அழகுடையது; ஆனால் ஸ்ட்ரேஹார்ன் அதைப் பிரயாணத்துக்குச் சில மாதங்கள் முன்னதாகவே வேறு பெயரில் இயற்றிவிட்டார் என்பது இன்று தெளிவாகத் தெரிந்த விஷயம். இதனால் எனக்கு அந்தப் பகுதியின்மீது மதிப்புக் குறையவில்லை. ஓர் ஊரைப் பார்ப்பதற்கு முன்பே அதற்குரிய இசை ஒருவர் உள்ளத்தில் காத்திருக்கலாம். ஊரைக் கண்டபின் பெயர் வந்து சேர்கிறது. ஸ்ட்ரேஹார்ன் 1967 மே மாதத்தில் புற்றுநோயால் காலமானார். தொகுப்புக்குக் கிராமி விருது அறிவிக்கப்பட்டது அதற்குப் பிறகு.

தொகுப்பின் பெயர் தூர கிழக்கு என்றிருந்தாலும், ஜப்பானைப் பற்றிய கடைசிப் பகுதி நீங்கலாக, அதிலுள்ள ஊர்கள் மேற்காசியாவிலும் நம் தேசத்திலும் இருப்பவை. சென்னையின் பெயர் ஒன்பதில் ஒன்றிலும் இல்லை. முதன்முறை அதைக் கவனித்தபோது ஏற்பட்ட ஏக்கத்தை நான் மறைக்க விரும்பவில்லை. நம் கடற்கரை அவர்களிடம் என்னவாக ஒலித்திருக்கும்? நிலத்தை இசையோடு பிணைத்து இலக்கணம் வகுத்தவர்கள் நாம் அல்லவா? தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது, தெய்வத்தோடும் மரத்தோடும் புள்ளோடும் பறையையும் யாழையும் சேர்த்தே வைக்கிறார். பின்வந்தோர் நெய்தல் நிலத்துக்கு விளரி யாழையும் மீன்கோட்பறையையும் உரிமையாக்கினர். விளரி இரங்கற் பண். மீன் பிடிக்கும் வேளையில் முழங்கும் பறையும், துணைவனைக் காணாது இரங்கும் யாழும் ஒரே மணலின் இரு குரல்கள் என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர். மைனாவுக்குக்கூட நாகணவாய்ப் புள் என்று தனிப்பெயர் வைத்திருந்த செவியும் கண்ணும் அவர்களுடையவை.

எல்லிங்டன் குழு வந்த ஆண்டில் எண்ணூரில் லாரித் தொழிற்சாலையும் திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலையும் இருந்தன. ஆயினும் கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிமுகம் இன்றுபோல் நெருக்கப்பட்டிருக்கவில்லை. மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1965இல் நிறுவப்பட்டு 1969இல் மணலியில் உற்பத்தியைத் தொடங்கியது. 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம். 2001இல் எண்ணூர்த் துறைமுகம். சாம்பல் கலந்த நீர் கழியில் படிந்து, இறாலும் நண்டும் அலையாத்திகளும் குறைந்தன. 2017இல் கர்நாடக சங்கீதப் பாடகர் டி. எம். கிருஷ்ணா, கபேர் வாசுகி எழுதிய சென்னைத் தமிழ்ப் பாடலை ஆனந்தபைரவி, பேகடா முதலான ராகங்களில் அந்தக் கழிமுகத்துக்கே சென்று பாடினார். அது ‘புறம்போக்குப் பாடல்’ என்று பெயர் பெற்றது. ஸ்தலத்தின் நீரையும் மரத்தையும் கிருதியில் வைத்த தீக்ஷிதர் வாழ்ந்த மணலிக்குப் பக்கத்தில், அழிந்துகொண்டிருக்கும் நீருக்கும் மரத்துக்குமாக அதே சங்கீதம் மீண்டும் எழுந்ததை நான் தற்செயலாக எண்ணவில்லை. சென்னைக்கென எல்லிங்டன் எழுதாத பகுதி அதுதான் என்றும் அதைக் கேட்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

அன்று மாலை தொகுப்பு முடிந்ததும் கடற்கரைச் சாலைக்கு நடந்தேன். குப்பம் ஒன்றின் அம்மன் திருவிழாவுக்காகப் பேண்டு செட்டுக்காரர்கள் வந்து நின்றிருந்தனர். சாயம் போன சிவப்புச் சட்டையும் பொன்னிறப் பட்டையுமாக, கோட்டைச் சிப்பாயின் உடுப்பு இருநூறு ஆண்டுகள் கழித்து அவர்கள் தோளில் இருந்தது. டிரம்பெட் வாசிப்பவர் ஒரு பழைய சினிமாப் பாட்டை எடுத்தார். அருகே பறைக்காரர்கள் நெருப்பில் தோலைக் காய்ச்சி முடித்து அவரோடு சேர்ந்துகொண்டனர். பாட்டின் இடைவெளிகளில், கரையரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின்மேல் அலை மோதும் ஓசை கேட்டது.