கதவில் அறையப்பட்டவள்

விடுதி அறையில் விளக்கை அணைத்துவிட்டு நான்கைந்து பேராக ஒரு ஜப்பானியப் படம் பார்த்தோம். நொபுவோ நகாகாவா 1959இல் இயக்கிய ‘தோக்கைதோ யொத்சுயா கைதான்’. கைதான் என்றால் பேய்க்கதை. வேலையற்ற சாமுராய் இயெமோன், வசதியான வீட்டுப் பெண்ணை மணப்பதற்காகத் தன் மனைவி இவாவுக்கு நஞ்சு கொடுக்கிறான். அவள் முகம் வீங்கிச் சிதைகிறது. சீப்பை வைத்தால் முடி கொத்தாகக் கையோடு வருகிறது. அவளுக்குக் கள்ளக்காதலன் என்று இன்னொருவனையும் கொன்று, இரண்டு பிணங்களையும் ஒரே கதவுப் பலகையில் ஆணியடித்து நீரில் தள்ளுகிறான். புது மணப்பெண்ணோடு இருக்கும் முதல் இரவில் இவாவின் முகம் தெரிகிறது. வாளை வீசுகிறான், சாவது மணப்பெண்.

தோழிகள் அலறியது இந்த இடத்தில். எனக்குத் தூக்கம் போனது, படத்தின் மூலமான கபுகி நாடகத்தைப் பற்றிப் படித்த பிறகுதான். நான்காம் த்சுருயா நன்போகு எழுதி, 1825இல் எடோ நகரில் (இன்றைய தோக்கியோ) அரங்கேறிய நாடகம் அது. அதில் பிள்ளை பெற்று எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள் இவா. இயெமோன் அடகு வைக்கப் பொருள் தேடி, கடைசியில் கொசுவலையை இழுக்கிறான். குழந்தையைக் கொசு பிடுங்கும் என்று அவள் வலையைப் பற்றிக்கொள்கிறாள். அவன் இழுத்த இழுப்பில் அவளுடைய நகங்கள் பிய்ந்து வலையோடு போகின்றன. இந்தக் காட்சியில் பேய் இல்லை.

அவள் ஏன் வெளியேறவில்லை என்று கேட்கலாம். அக்காலச் சாமானியக் குடும்பங்களில் மணமுறிவுக் கடிதம் எழுதுபவன் கணவன். மூன்றரை வரிக் கடிதம் என்றே அதற்குப் பெயர். பெண்வீட்டார் வற்புறுத்தி எழுதி வாங்கியதும் உண்டு. ஆனாலும் எழுதும் கை அவனுடையது. அது கையில் இல்லாமல் அவள் மறுமணம் செய்ய முடியாது. தப்பிக்க இருந்த வழிகளில் ஒன்று கமக்குராவின் தோகெய்ஜி மடம். 1285இல் கக்குசான் என்ற கைம்பெண் துறவி நிறுவியது. அங்கே ஓடிப்போய்ச் சேர்ந்த பெண்ணுக்காக மடமே கணவனை அழைத்துப் பேசும். அவன் மசியாவிட்டால் அவள் இரண்டு ஆண்டுகள் அங்கேயே தங்கி விடுதலை பெறலாம். எடோவிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். பச்சை உடம்போடு யாரால் நடக்க முடியும்?

1873இல் மனைவியும் மணமுறிவு கேட்டு வழக்குத் தொடரலாம் என்று அரசு அறிவித்தது. தகப்பனோ அண்ணன் தம்பியோ வேறு உறவினரோ துணைக்கு வரவேண்டும் என்பது நிபந்தனை. கதையில் இவாவின் தகப்பனைக் கொன்றவனே இயெமோன்தான். மணவாழ்வில் கணவனுக்கும் மனைவிக்கும் சம உரிமை என்று சட்டம் சொன்னது 1947இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பில். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இந்தப் படம் வருகிறது. கொட்டகையில் உட்கார்ந்திருந்த பெண்களில் பலர் பழைய சட்டத்தின்கீழ் மணமானவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

பேயான பிறகும் இவா வாளெடுப்பதில்லை. தன் முகத்தை அவனுக்குக் காட்டுகிறாள், அவ்வளவுதான். வெட்டுவதெல்லாம் அவன்.

படம் முடியும்போது இவா பழைய அழகோடு, கையில் குழந்தையோடு தோன்றுகிறாள். தோழிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் கேட்டது முகத்தையா? அடகுக்குப் போன கொசுவலையைப் பற்றி யாரும் பேசவில்லை.