கொனோரியா: கைவசம் எஞ்சியுள்ள ஒரே ஊசி, சிகிச்சையில் அறிய வேண்டியவை

பாலுறவு மூலம் பரவும் கொனோரியா எனும் மேகவெட்டை நோயைப் பெரும்பாலும் ஒரே ஊசியில் குணப்படுத்திவிடலாம். எனினும், இதற்குப் பயன்பட்டு வந்த பிற மருந்துகள் ஒவ்வொன்றாக வீரியம் இழந்துவிட்டன. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2020-ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயது வரையிலானோரிடம் 8.2 கோடிக்கும் அதிகமான புதிய பாதிப்புகள் ஏற்பட்டன.

அறிகுறிகளும் விளைவுகளும்

ஆண்களுக்குச் சிறுநீர்ப் பாதையில் எரிச்சலும் சீழ் வடிதலும் ஏற்படும். பெண்கள் பலருக்கு அறிகுறியே தென்படுவதில்லை. சிகிச்சை பெறாவிடில் மலட்டுத்தன்மை, கருக்குழாயில் கரு தங்குதல் ஆகியவை நேரிடலாம். பிரசவத்தின்போது தொற்றும் குழந்தைக்குப் பார்வையிழப்பு ஏற்படலாம்.

பயனிழந்த மருந்துகள்

1930-களில் சல்ஃபா மருந்துகளும், 1940-களில் பென்சிலினும் பயன்பாட்டுக்கு வந்தன. பென்சிலினைச் சிதைக்கும் கிருமி வகை 1976-இல் கண்டறியப்பட்டது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளை 2007-இல் அமெரிக்கா கைவிட்டது. செஃபிக்ஸிம் மாத்திரையும் 2012-இல் அங்கு முதல்நிலைச் சிகிச்சையிலிருந்து நீக்கப்பட்டது.

இக்கிருமி, தொண்டையில் வாழும் தன் இனத்தைச் சார்ந்த பிற பாக்டீரியாக்களிடமிருந்து மரபணுக்களைப் பெற்றுக்கொள்ள வல்லது. தொண்டைத் தொற்றைக் குணப்படுத்துவதும் கடினம். அறிகுறியின்றி நீடிக்கும் அத்தொற்றே எதிர்ப்புத்திறன் வளரும் இடமாகிறது.

தற்போதைய சிகிச்சை

இப்போது முதன்மையாகப் பரிந்துரைக்கப்படுவது செஃப்ட்ரியாக்சோன் ஊசியே. தசையில் ஒரே தவணையாகச் செலுத்தப்படும் இம்மருந்தின் அளவு அமெரிக்காவில் பொதுவாக 500 மில்லிகிராம். பிரிட்டனில் 1 கிராம். இதற்கும் கட்டுப்படாத வகை 2009-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் கண்டறியப்பட்டது. 2018-இல் பிரிட்டனில் ஒருவரிடம் இந்த ஊசிக்கும் அசித்ரோமைசினுக்கும் ஒருங்கே கட்டுப்படாத வகை கண்டறியப்பட்டது.

இந்தியாவில் நிலை

நாட்டின் அரசு பால்வினை நோய் சிகிச்சை மையங்களில் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல், அறிகுறிகளைக் கொண்டே மருந்துத் தொகுப்பு வழங்கும் முறை நெடுங்காலமாக உள்ளது. உடனடியாகச் சிகிச்சை கிடைப்பது இதன் நன்மை. அறிகுறியற்றோர் விடுபடுவதும், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படவில்லை என்பது புலப்படாமல் போவதும் இதன் குறைகள். செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்சோன் ஆகியவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்பதை 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணை தடை செய்கிறது.

புதிய மருந்துகள்

வாய்வழி உட்கொள்ளும் சோலிஃப்ளோடசின், ஜெபோடிடசின் ஆகிய இரு புதிய மருந்துகளை இந்நோய்க்குப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. கவனமின்றிப் பயன்படுத்தினால் இவையும் பழைய மருந்துகளின் வழியே செல்லக்கூடும்.

நோயாளிகள் கவனத்துக்கு

* மருந்துக் கடையில் தாமாக மாத்திரை வாங்கி உட்கொள்ளக் கூடாது.
* கடந்த 60 நாள்களில் பாலுறவு கொண்ட துணைவருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் அவசியம். இல்லையெனில் நோய் மீண்டும் தொற்றும்.
* இருவரும் சிகிச்சை பெற்ற பின் 7 நாள்கள் பாலுறவைத் தவிர்க்க வேண்டும்.
* அறிகுறிகள் நீடித்தால், அதே மருந்தை மீண்டும் உட்கொள்ளாமல் கிருமி வளர்ப்புப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.
* எச்ஐவி, சிஃபிலிஸ் பரிசோதனைகளையும் உடன் செய்துகொள்வது நல்லது.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம்.