வேலி மேய்ந்ததை யார் எழுதி வைத்தது?

ஃபயர்வாலுக்குத் தமிழில் தீயரண் என்பார்கள், நெருப்புச்சுவர் என்பார்கள். பூனாவுக்கு வந்து ராத்திரி ஷிஃப்டில் லாக் பார்த்துப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது வேலி, அவ்வளவுதான். உள்ளே பயிர், வெளியே மாடு. வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று நம் ஊரில் காலங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இருக்கும் பலருக்கும் அந்தக் கேள்வி உறைத்தது 2015 டிசம்பரில்தான். அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், டீ போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பழைய கதை. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

1986 ஆகஸ்ட். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம். கிளிஃப் ஸ்டோல் என்ற வானியல்காரர் மானியம் தீர்ந்துபோனதால் கணினி அறைக்கு வந்து சேர்ந்திருந்தார். அந்தக் காலத்தில் கணினியில் வேலை செய்யும் நேரத்துக்குக் காசு. இரண்டு தனித்தனி நிரல்கள் அந்தக் கணக்கை எழுதிவந்தன. இரண்டுக்கும் நடுவே 75 சென்ட் உதைத்தது. முக்கால் டாலர். நம் ஆட்களாக இருந்தால் "டீச்செலவு" என்று எழுதிவிட்டுப் போயிருப்போம். ஸ்டோல் விடவில்லை. தோண்டிப் பார்த்தால், பில் அனுப்ப விலாசமே இல்லாத ஒரு கணக்கிலிருந்து யாரோ உள்ளே வந்து போயிருக்கிறார்கள்.

அவர் அடுத்துச் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஒரு வார இறுதியில் கிடைத்த டெர்மினல்களையும் பிரிண்டர்களையும் எல்லாம் இழுத்து வந்து, வெளியிலிருந்து வரும் சுமார் 50 லைன்களிலும் மாட்டிவிட்டார். வந்தவன் அடித்த ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் விழுந்தது. கணினிக்குள் இருக்கும் பதிவை அவன் அழிக்கலாம், பக்கத்து அறையில் கிடக்கும் காகிதத்தை எப்படி அழிப்பான்? அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டே போய், மேற்கு ஜெர்மனியின் ஹனோவரில் இருந்த மார்க்குஸ் ஹெஸ் என்பவரிடம் போய் முடிந்தது. எடுத்த ராணுவத் தகவல்கள் சோவியத் கேஜிபிக்கு விற்பனையாகிக்கொண்டிருந்தன.

அதே பெர்க்லியில், பல்கலைக்கழகப் பக்கம், அதே எண்பதுகளில் எரிக் ஆல்மன் என்பவர் சென்ட்மெயிலுக்குத் துணையாக சிஸ்லாக் என்ற சின்ன ஏற்பாட்டை எழுதினார். ஒரு பெட்டி தன் பதிவை வேறொரு பெட்டிக்கு அனுப்பி வைக்கும் முறை. இன்றைக்கும் எங்கள் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. கடைச் சிட்டையைக் கல்லாவிலேயே வைக்காமல் தினமும் முதலாளி வீட்டுக்கு அனுப்புவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். யூடிபியில் போகும் பழைய சிஸ்லாக் தபால் அட்டை ஜாதி. போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிச் சொல்ல ஆள் கிடையாது. வரவே இல்லையென்றால் அனுப்பவில்லையா, வழியில் விழுந்ததா என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தொண்ணூறுகளில் ஃபயர்வால் கடைச்சரக்கானது. தான் எதைத் தடுத்தது என்று எழுதுவதில் அதற்குச் சலிப்பே கிடையாது. மாதாமாதம் "இத்தனை லட்சம் தாக்குதல் தடுக்கப்பட்டது" என்று வண்ண வண்ணமாய்ப் படம் போட்டு வாடிக்கையாளரிடம் கொடுப்போம். என் கணிப்பில் அது சுத்த மொக்கை. திருட்டுப் போன பொருள் தடுத்த வரிகளில் இருக்காது, அனுமதித்த வரிகளில் இருக்கும். எந்த முகவரிக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை பைட் வெளியே போனது, எத்தனை உள்ளே வந்தது. வலைத்தளம் பார்ப்பவருக்கு உள்ளே வருவது அதிகம், வெளியே போவது கொஞ்சம். அது தலைகீழாகி, ராத்திரி இரண்டு மணிக்கு முன்பின் பார்க்காத முகவரிக்கு சில கிகாபைட் போனால் எழுந்து உட்கார வேண்டும்.

ஆனால் இதெல்லாம் ஃபயர்வால் வழியாகப் போகும் மற்றவர்களின் கதை. ஃபயர்வாலே கிளம்பி வெளியே போனால்? பல பெட்டிகளில் அதன் நிர்வாகப் போர்ட் வழியாகப் போகும் சொந்தப் போக்குவரத்து, மற்றவர்களின் போக்குவரத்தை எழுதும் ஏட்டில் வருவதே இல்லை.

2015 டிசம்பர் 17 அன்று ஜூனிபர் நிறுவனம் ஓர் அறிவிப்பு விட்டது. 2004இல் அவர்கள் வாங்கிய நெட்ஸ்க்ரீன் ஃபயர்வால்களில் ஓடும் ஸ்க்ரீன்ஓஎஸ் மென்பொருளுக்குள் அனுமதியில்லாத நிரல் இருக்கிறது, எங்கள் உள்சோதனையில் கண்டுபிடித்தோம் என்று. விஷயம் இரண்டு. ஒன்று, யார் பெயரில் வேண்டுமானாலும் உள்ளே விடும் ஒரு பொதுக் கடவுச்சொல். அது நிரலாளர்கள் சோதனைக்காக எழுதும் வரி போலவே இருந்ததால், படித்துப் பார்ப்பவர் கண்ணிலும் சட்டென்று படாது. இரண்டாவது, விபிஎன் போக்குவரத்தை வெளியிலிருந்து கேட்டு, பூட்டைத் திறந்து படிக்க வழி செய்யும் மாற்றம்.

முதல் விஷயத்துக்கு லாகில் தடயம் இருந்தது. வேறு ஏதோ ஒரு பெயரில் கடவுச்சொல் சரி என்று ஒரு வரியும், உள்ளே வந்தவர் பெயர் "சிஸ்டம்" என்று இன்னொரு வரியும் விழும். விவரமான ஆளாக இருந்தால் பெட்டிக்குள் இருக்கும் அந்த வரிகளை அழித்துவிடுவான் என்று ஜூனிபரே சொன்னது. ஆக, சிட்டையை வேறு வீட்டுக்கு அனுப்பி வைத்தவர்களுக்கு மட்டும் வாய்ப்பு. இரண்டாவதுக்கு அதுவும் கிடையாது. யாரோ வழியில் நின்று கேட்டால் எந்த லாகில் என்ன விழும்? கண்டுபிடிக்க வழியில்லை என்று அறிவிப்பிலேயே இருந்தது.

எட்டு வருடம் கழித்து இன்னும் விசேஷம். 2024 ஏப்ரல் 10. வொலெக்சிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் தன் வாடிக்கையாளர் ஒருவரின் போக்குவரத்தைத் தனியாகக் கவனித்துக்கொண்டிருந்தது. சந்தேகமான போக்குவரத்து ஒன்று கண்ணில் பட்டது. கிளம்பிய இடம் பாலோ ஆல்டோ ஃபயர்வால். கவனியுங்கள், ஃபயர்வால் சொல்லித் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற வேறொரு கண் சொல்லித் தெரிந்தது. பின்னோக்கிப் போனால், மார்ச் 26ஆம் தேதியே யாரோ வெற்றுக் கோப்புகளைப் போட்டு, ஓட்டை வேலை செய்கிறதா என்று வெள்ளோட்டம் பார்த்திருக்கிறார்கள்.

உள்ளே அவர்கள் வைத்த பின்கதவுக்கு அப்ஸ்டைல் என்று பெயர். இதைப் படித்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஃபயர்வாலில் இல்லாத ஒரு பக்கத்தைக் கேட்டு வெளியிலிருந்து கோரிக்கை வரும். "அப்படி ஒரு பக்கம் இல்லை" என்று பிழை லாகில் ஒரு வரி விழும். அந்த வரிக்குள்ளேதான் கட்டளை ஒளிந்திருக்கும்! பின்கதவு லாகைப் படித்து, கட்டளையை எடுத்து ஓட்டி, பதிலை ஒரு சாதாரண ஸ்டைல்ஷீட் கோப்பின் வாலில் ஒட்டி வைக்கும். வந்தவன் அதை எடுத்துக்கொள்வான். 15 விநாடியில் கோப்பு பழையபடி ஆகிவிடும். லாகிலிருந்து அந்த வரியும் போய்விடும், கோப்பின் தேதி நேரம்கூடப் பழையபடி. திருடனைப் பிடிக்க வைத்த நோட்டுப் புத்தகத்தையே திருடன் தபால்பெட்டியாக வைத்துக்கொண்டான்.

எடுத்தது என்ன? முதலில் ஃபயர்வாலின் மொத்த உள்ளமைவு. பிறகு ஓரிடத்தில், ஃபயர்வாலுக்குக் கொடுத்திருந்த சர்வீஸ் கணக்கை வைத்தே உள்ளே நுழைந்து, ஊழியர்களின் கடவுச்சொல் ஹாஷ்கள் இருக்கும் விண்டோஸ் டொமைன் தரவுத்தளமும், பிரவுசரில் சேமித்திருந்தவையும் போயிருக்கின்றன. ஒரு ஃபயர்வால் எழுந்து போய் கோப்பு சர்வரிடம் கோப்பு கேட்பதற்கு எந்த ஆபீஸிலும் நியாயமான காரணம் இருக்க முடியாது. அந்த ஒரு வரி உள்ளே இருக்கும் சர்வரின் லாகில் விழுகிறது. பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

அதே மாதம் 24ஆம் தேதி சிஸ்கோ பெட்டிகளில் நடந்த இன்னொரு ஊடுருவல் வெளியே வந்தது. அங்கே வந்தவர்கள் சிஸ்லாகையே நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். தபால் அட்டை ஞாபகம் இருக்கிறதா? வராத அட்டைதான் அங்கே தடயம்.

ஆகவே என் டெஸ்கில் இப்போது இரண்டு விதி. ஃபயர்வால் தானாகப் பேசவேண்டிய ஆட்கள் ஒரு கை விரலுக்குள் அடக்கம்: அப்டேட் சர்வர், டிஎன்எஸ், நேரம் சொல்லும் சர்வர், லாக் சர்வர், ஆள் அடையாளம் பார்க்கும் சர்வர். ஆறாவது ஆளிடம் பேசினால் மணி அடிக்கும். பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை என்றாலும் அடிக்கும். இரண்டாவது மணியில் முக்கால்வாசி கரண்ட் போன கேஸ்தான், திட்டு வாங்குவது நான்தான் :-)

நம் நாட்டில் செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரிந்தால் 6 மணி நேரத்தில் சொல்ல வேண்டும். நல்ல உத்தரவு. பாலோ ஆல்டோ விவகாரத்துக்கு 180 நாள் தாராளம், அங்கே இடைவெளி இரண்டு வாரம்தான். ஜூனிபர் விவகாரத்தில் கெட்டுப்போன மென்பொருள் முதலில் வெளிவந்தது 2012இல், ஊருக்குத் தெரிந்தது 2015 கடைசியில். மூன்று வருடக் களவுக்கு ஆறு மாதச் சிட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மற்றதையெல்லாம் விடுங்கள், ஃபயர்வால் தன்னைப் பற்றி எழுதும் வரிகளை மட்டுமாவது மூன்று வருடம் வையுங்கள், இடம் கொஞ்சம்தான் பிடிக்கும் என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னேன். டிஸ்க் விலை கேட்டார். சொன்னேன். அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம் என்றிருக்கிறார்.