ஒரு மைலும் ஒரு புதன்கிழமையும்

மாரத்தான் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் 16 அல்லது 18 வாரத்துக்கு எழுதப்படுகின்றன. அத்தனை வாரமும் வேலையும் வீடும் தூக்கமும் ஒத்துழைக்கும் என்று நம்பித்தான் அந்தக் கட்டங்கள் நிரப்பப்படுகின்றன. நான்கு மாதத்தில் ஒரு வாரமாவது அந்த நம்பிக்கை உடையும். அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கு முடிக்கும் வாரம், வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருக்கும் வாரம், நள்ளிரவு தாண்டியும் கைபேசி அடங்காத வாரம். அப்போது எதை விடுவது, எதை விடாமல் பிடித்துக்கொள்வது?

கென்யாவின் முகாம்களில் இதற்குப் பதில் தேடிப் பயனில்லை. அங்கே ஓட்டமே வேலை. மதியத் தூக்கமும் அந்த வேலையின் ஒரு பகுதி. மாதச் சம்பளத்துக்கு உழைத்துக்கொண்டே உலகத் தரத்தில் ஓடியவர்களைத்தான் கேட்க வேண்டும். அப்படி இருவரை எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் இங்கிலாந்தின் ரான் ஹில், துணித்துறை வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். மற்றவர் ஜப்பானின் யூகி கவாவுச்சி, சைத்தாமா மாகாணத்தில் அரசுப் பள்ளியின் அலுவலக ஊழியராக இருந்தவர். இருவரும் பாஸ்டன் மாரத்தானை வென்றார்கள்: ஹில் 1970-இல், கவாவுச்சி 2018-இல். இரண்டு முறையும் குளிர்மழை, எதிர்க்காற்று. நல்ல நாளுக்காகக் காத்திருந்து பழகாத இருவருக்கு அந்த வானிலை பொருத்தமாகவே அமைந்தது என்று எனக்குத் தோன்றும்.

இருவரும் வேலையையும் ஓட்டத்தையும் சேர்த்தே சுமந்தார்கள். ஆனால் எதை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது என்பதில் இருவரும் எதிரெதிர்த் திசையில் நின்றார்கள்.

ஹில்லுக்கு விடக்கூடாதது நாள். 1964 டிசம்பர் 20 முதல் 2017 ஜனவரி இறுதிவரை, 52 ஆண்டுகளும் 39 நாட்களும், ஒரு நாள்கூட விடாமல் ஓடினார். அவரே வகுத்துக்கொண்ட விதி எளிமையானது: குறைந்தது ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர். அதற்கு மேல் எவ்வளவு ஓடினாலும் அது அந்த நாளின் வசதியைப் பொறுத்தது. உச்சத்தில் இருந்த காலத்தில் ஒரு மைலோடு நின்றவரல்ல அவர். காலையில் வேலைக்கு ஓடிப்போவார், மாலையில் வீட்டுக்கு ஓடித் திரும்புவார், ஞாயிறன்று மட்டும் ஒரே ஓட்டம். வாரத்துக்கு 13 ஓட்டம் என்ற அந்தக் கணக்கைப் பல ஆண்டுகள் காப்பாற்றினார். பேருந்துக்குப் போகவேண்டிய நேரத்தைப் பயிற்சியாக மாற்றியதால், அலுவலகம் அவருக்கு ஓட்டத்தின் போட்டியாளராக இல்லாமல் ஓட்டத்தின் எல்லைக்கோடாக ஆகிவிட்டது. பாஸ்டனில் 2 மணி 10 நிமிடம் 30 விநாடியில் வந்து, முந்தைய சாதனையை மூன்று நிமிடத்துக்கும் மேலாக முறியடித்தார். அதே ஆண்டு எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் 2:09:28.

அவருடைய விதியின் உண்மையான வலிமை சாதனை நாட்களில் தெரிவதில்லை, கெட்ட நாட்களில்தான் தெரிகிறது. கார் விபத்தில் மார்பெலும்பு முறிந்தபோதும் ஒரு மைல். கால் பெருவிரல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோலோடு ஒரு மைல். இதை யாரும் பின்பற்றக்கூடாது. முறிந்த எலும்புக்கும் காய்ச்சலுக்கும் ஓய்வுதான் பயிற்சி. ஆனால் அந்த அதீதத்தை விலக்கிவிட்டுப் பார்த்தால், உள்ளே மிகப் புத்திசாலித்தனமான ஒன்று இருக்கிறது. குறைந்தபட்ச அளவை அவர் அவ்வளவு கீழே வைத்தார். பத்து நிமிடத்தில் முடிகிற ஒன்றுக்கு எந்த வேலைநாளும் தடை சொல்ல முடியாது.

கவாவுச்சிக்கு நாள் முக்கியமல்ல. அவர் விடாமல் காத்தது வாரத்தின் இரண்டு கடினமான பயிற்சிகளை. பள்ளிப் பருவத்தில் அளவுமீறிய பயிற்சியால் அடிக்கடி காயப்பட்டவர் அவர். கக்குஷூயின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, வாரத்துக்கு இரண்டு கடினப் பயிற்சி, மற்ற நாட்களில் மெதுவான ஓட்டம் என்ற முறைக்குப் பயிற்சியாளர் அவரை மாற்றினார். வேலையில் சேர்ந்த பின்னும் அதுவே தொடர்ந்தது. பள்ளியின் மாலைநேரப் பிரிவில் வேலை என்பதால் மதியத்துக்கு மேல் போய் இரவு 9 மணி வாக்கில்தான் வெளியே வருவார். ஆகவே ஓட்டமெல்லாம் காலையில். புதன்கிழமை தடகளப் பாதையில் வேகப் பயிற்சி, வார இறுதியில் நீண்ட ஓட்டம் அல்லது ஒரு போட்டி.

ஜப்பானின் முன்னணி ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் அணிகளில் இருப்பவர்கள். ஒரு நாளில் இரண்டு முறை ஓடுவதும், மாதத்துக்கு 1000 கிலோமீட்டரைத் தொடுவதும் அந்த அணிகளில் வழக்கம். கவாவுச்சி நாளுக்கு ஒரு முறைதான் ஓடினார். மாதக் கணக்கு 600 கிலோமீட்டர் அளவில் நின்றது. நீண்ட ஓட்டத்துக்கு நேரமும் கூட்டாளிகளும் கிடைக்காததால், போட்டிகளையே பயிற்சியாக்கிக்கொண்டார். 2013 டிசம்பரில் ஃபுகுவோகாவில் 2:09:05, இரண்டு வாரம் கழித்து ஹோஃபுவில் 2:09:15. 2018-இல் பாஸ்டனில், நடப்பு உலகச் சாம்பியனான ஜெஃப்ரி கிருயியைக் கடைசிக் கட்டத்தில் தாண்டி 2:15:58-இல் வென்றபோதும் அவர் அரசு ஊழியர்தான். அதே நாளில் பெண்கள் பிரிவில் இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸும் அரிசோனாவில் முழுநேர மயக்கமருந்துச் செவிலியர்; அதிகாலை 4 மணிக்கோ, பணி முடிந்த இரவிலோ ஓடியவர்.

ஆக, ஒருவர் அடுக்கடுக்காகச் சேர்த்தார், மற்றவர் குறைத்துக்கொண்டார். நெருக்கடியான வாரத்தில் நாம் யார் பக்கம்?

முதலில் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மேலதிகாரியின் கோபத்துக்கும் மேட்டில் ஓடுவதற்கும் உடம்பு சுரப்பது கார்ட்டிசால் என்ற அதே அழுத்த ஹார்மோனைத்தான். மன அழுத்தம் பயிற்சிக்கு வெளியே நிற்கும் விஷயமல்ல. பயிற்சிச் சுமையோடு கூடுதலாகச் சேரும் சுமை. வாழ்க்கையில் அழுத்தம் மிகுந்தவர்களுக்குக் கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகு தசைகள் பழைய வலிமைக்குத் திரும்ப அதிக நேரம் ஆகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மிசூரி பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றில், தேர்வு நெருக்கிய வாரங்களில் காயங்கள் கூடின. இத்தோடு தூக்கமும் குறைந்தால், புதன்கிழமையின் வேகப் பயிற்சியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதற்கு எல்லா ஏற்பாடும் தயார்.

அப்படியானால் முழுவதும் விட்டுவிட்டால் என்ன இழப்பு? எட்வர்ட் காயில் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல அளவுகோல். நன்கு பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை அடியோடு நிறுத்தியபோது, உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு முதல் மூன்று வாரத்தில் சுமார் 7 சதவீதம்தான் குறைந்தது. ஒரு வாரத்தில் குறைவது மிகச் சொற்பம். நான்கு மாத உழைப்பு ஏழு நாளில் கரைந்துவிடும் என்ற பயம் ஓட்டக்காரர்களிடம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதைப் பார்க்கும்போது, இந்த ஒரு எண்ணை எல்லோருக்கும் சொல்லவேண்டும்போல் இருக்கும்.

இன்னொரு வரிசை ஆய்வுகள் 1980-களின் முதல் பாதியில் ராபர்ட் ஹிக்சன் குழு செய்தவை. பயிற்சியின் நேரத்தையோ நாட்களையோ மூன்றில் இரண்டு பங்குவரை குறைத்தாலும், வேகத்தைக் குறைக்காதவரை, அதே உச்ச அளவு 15 வாரம் நிலைத்தது. வேகத்தைக் குறைத்தபோது அது சரிந்தது. நேரத்தை மிகவும் சுருக்கியவர்களுக்கு நீண்ட நேரம் தாங்கும் திறன் மட்டும் ஓரளவு இறங்கியது. மாரத்தான்காரர் மறக்கக்கூடாத குறிப்பு இது. வார இறுதியின் நீண்ட ஓட்டத்தை மாதக்கணக்கில் விட்டுவிட்டு வேகப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

இந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று மோதுவதுபோல் தெரியும். வேகத்தை விடாதே என்கிறது ஹிக்சனின் முடிவு. அழுத்தத்தில் இருக்கும்போது காயம் கூடும், அப்போது வேகம் ஆபத்து என்று எண்ணவைக்கிறது மிசூரி ஆய்வு. பல பயிற்சி நூல்கள் இந்த இடத்தில் வழுக்கிவிடுகின்றன என்பது என் கருத்து. மோதலைத் தீர்ப்பது காலஅளவு. ஹிக்சனின் கணக்கு வாரக்கணக்கில் நீளும் குறைப்புக்கானது. ஒரே ஒரு வாரத்துக்குக் காப்பாற்றவேண்டிய அளவுக்கு எதுவும் இழக்கப்போவதில்லை. ஆகவே அந்த வாரத்தில் வேகப் பயிற்சிக்கு வேலை இல்லை, ஆபத்து மட்டும் இருக்கிறது. அந்த வாரம் ஹில்லின் வாரம். காலணியைப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் இருபது, முப்பது நிமிடம்; முடியாத நாளில் அந்த ஒரு மைல். உடல் தகுதிக்கு இது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் திங்கட்கிழமை மறுபடி தொடங்குவது மலையேறுவதாக இருக்காது. மெதுவான ஓட்டம் அந்த வாரத்தில் தூக்கத்தையும் கொஞ்சம் சீராக்கும், அதுவே போதும்.

நெருக்கடி ஒரு வாரத்தோடு முடியாமல் மூன்று வாரமாக, இரண்டு மாதமாக நீளும்போது கணக்கு மாறுகிறது. கைக்குழந்தை இருக்கும் வீடு, இரவுப் பணிக்கு மாற்றல், நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு: இவை வாரங்களாக வருவதில்லை, பருவங்களாக வருகின்றன. அப்போது தினம் ஒரு மைல் ஓடுகிறவர் பழக்கத்தைக் காப்பாற்றுவார், மாரத்தானை இழப்பார். கவாவுச்சியின் முறை அங்கேதான் பொருந்தும்: வாரத்தில் ஒரு வேகப் பயிற்சி, ஒரு நீண்ட ஓட்டம், இரண்டையும் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி உறுதி செய்துகொள்வது, மற்றதையெல்லாம் குற்றவுணர்வு இல்லாமல் சுருக்குவது. 52 ஆண்டு ஓடியவரின் விதி ஒரு வாரத்துக்கும், அடிக்கடி போட்டிக்குப் போனவரின் விதி பல மாதத்துக்கும் பொருந்துவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் ஹில் அந்த ஒரு மைலை வகுத்தது மோசமான நாளை மனத்தில் வைத்து; கவாவுச்சி அந்தப் புதன்கிழமையை வகுத்தது மாறாத வேலை நேரத்தை மனத்தில் வைத்து.

இரண்டு முறைகளுக்கும் விலை உண்டு. 2019-இல் அரசு வேலையை விட்டுத் தொழில்முறை ஓட்டக்காரரான கவாவுச்சி, 2021-இல் பிவா ஏரி மாரத்தானில் 2:07:27 ஓடினார், தன் வாழ்நாளின் சிறந்த நேரம், 33 வயதில். வேலை அவரிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஹில்லின் கடைசி மைல் 16 நிமிடம் 34 விநாடி எடுத்தது. 400 மீட்டரிலேயே நெஞ்சு வலித்தும் அவர் முடிக்காமல் நிற்கவில்லை. விதி மனிதனை ஆளத் தொடங்கும் இடம் அது, அந்த இடத்துக்கு முன்பே நாம் நின்றுவிட வேண்டும். இளைப்பாறும்போதும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால், இரண்டு இரவு சரியாகத் தூங்காமல் இருந்தால், அன்று அந்த ஒரு மைலும் வேண்டாம்.

கெட்ட வாரம் போட்டிக்கு முந்தைய இரண்டு, மூன்று வாரத்துக்குள் வந்து விழுந்தால் கவலை இன்னும் குறைவு. அந்தக் கட்டத்தில் தூரத்தைப் பாதி அளவுக்குக் குறைப்பதுதான் எப்படியும் பரிந்துரைக்கப்படும் முறை. அலுவலகம் அதைச் சில நாள் முன்னதாகத் தொடங்கி வைக்கிறது, அவ்வளவே. விட்டுப்போன ஓட்டங்களை மட்டும் அடுத்த வாரத்தில் சேர்த்து ஓடி ஈடுகட்ட முயலக் கூடாது.