சராசரியில் தெரியாத ஆட்டங்கள்: சென்னை டெஸ்ட் களங்கள், 1956 முதல் 2024 வரை

டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒரு மட்டையாளரை அளக்க முதலில் எடுக்கப்படும் அளவுகோல் சராசரி. எடுத்த மொத்த ஓட்டங்களை ஆட்டமிழந்த முறைகளால் வகுத்தால் அது கிடைக்கும். 40க்கு மேல் இருந்தால் நல்ல ஆட்டக்காரர், 50ஐத் தாண்டினால் மிகச் சிறந்தவர் என்பது பொதுவான மதிப்பீடு. 30ஐச் சுற்றி நிற்பவர்களைப் பற்றி வரலாறு அதிகம் பேசுவதில்லை. ஆனால் சென்னையில் ஆடப்பட்ட டெஸ்ட் போட்டிகளைப் புரட்டிப் பார்த்தால், அந்நகரம் நினைவில் வைத்திருக்கும் ஆட்டங்களில் பல இந்த முப்பதுக்காரர்கள் ஆடியவை என்பது தெரியும். அவற்றுள் இரண்டு, இந்தியச் சாதனைகளாகப் பல பத்தாண்டுகள் நீடித்தன.

காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில் பெரிய ஏரி ஒன்று உண்டு. கோடையில் தரை தெரியும்; மழை நன்றாகப் பெய்த ஆண்டில் கலங்கல் வழியே நீர் வழிந்தோடும். ஆண்டு முழுவதும் அதன் நீர்மட்டத்தை அளந்து சராசரி எடுத்தால் ஓர் எண் வரும். அந்த ஆண்டு ஏரி நிரம்பியதா என்று கேட்கும் விவசாயிக்கு அந்த எண்ணால் பயன் இல்லை. மட்டையாளரின் சராசரியும் அப்படித்தான். அவர் எவ்வளவு சீராக ஆடினார் என்பதை அது சொல்லும். எவ்வளவு உயரத்துக்குப் போனார் என்பதைச் சொல்லாது.

1956: மன்கட்டும் ராயும்

1955-56 பருவத்தில் நியூசிலாந்து அணி முதன்முறையாக இந்தியாவில் டெஸ்ட் தொடர் ஆட வந்தது. ஐந்தாவது போட்டி 1956 ஜனவரி 6 அன்று சென்னை மாநகராட்சி விளையாட்டரங்கில், பின்னாளில் நேரு விளையாட்டரங்கம் எனப்பட்ட இடத்தில், தொடங்கியது. இந்தியாவின் தொடக்க ஆட்டக்காரர்கள் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் நாள் முழுவதும் ஆட்டமிழக்காமல் நின்றார்கள். மறுநாள் ராய் 173 ஓட்டங்களில் ஆட்டமிழந்தபோது முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்ந்திருந்தன. அதற்கு முன் உலகச் சாதனையாக இருந்தது இங்கிலாந்தின் ஹட்டனும் வாஷ்புரூக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் சேர்த்த 359. சென்னையின் 413ஐ முறியடிக்க 52 ஆண்டுகள் ஆயின. 2008இல் சிட்டகாங்கில் தென்னாப்பிரிக்காவின் மெக்கன்சியும் ஸ்மித்தும் 415 சேர்த்தார்கள்.

மன்கட் 231 எடுத்தார். டெஸ்டில் இந்தியர் ஒருவரின் அதிகபட்ச ஓட்டம் என்ற இடத்தில் அது 27 ஆண்டுகள் இருந்தது. 1983 டிசம்பரில் கவாஸ்கர் 236 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்று அதைக் கடந்ததும் இதே சென்னையில், சேப்பாக்கத்தில்தான்.

இப்போது இருவரின் சராசரியைப் பார்க்கலாம். மன்கட் 44 போட்டிகளில் 2,109 ஓட்டங்கள், சராசரி 31.47. ராய் 43 போட்டிகளில் 2,442 ஓட்டங்கள், சராசரி 32.56. அரை நூற்றாண்டு நின்ற உலகச் சாதனையின் இரு பங்காளிகளுமே 33ஐத் தொடவில்லை.

காரணம் இருவருக்கும் ஒன்றல்ல. ராய் ஏற்ற இறக்கம் மிகுந்தவர். 1952 இங்கிலாந்துப் பயணத்தில் ஏழு இன்னிங்ஸ்களில் ஐந்து முறை ஓட்டம் எதுவும் எடுக்காமல் வெளியேறினார். அப்படிப்பட்ட ஒரு கோடை ஒருவரின் சராசரியை வாழ்நாள் முழுக்க இழுத்துப் பிடித்திருக்கும். மன்கட்டின் கதை வேறு. அவர் முதலில் அணியின் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். 162 விக்கெட்டுகள் வீழ்த்தியவர். மட்டை வரிசையில் முதல் இடம் முதல் பதினோராவது இடம் வரை எல்லா இடங்களிலும் டெஸ்டில் ஆடிய மிகச் சிலருள் ஒருவர். 1952 லார்ட்ஸ் போட்டியில் 72 ஓட்டங்கள் எடுத்து, 73 ஓவர்கள் வீசி ஐந்து விக்கெட்டுகள் வீழ்த்தி, மறுபடி மட்டையெடுத்து 184 எடுத்தார். அணிக்குத் தேவைப்பட்ட இடத்தில் எல்லாம் நிறுத்தப்பட்ட ஒருவரின் சராசரியை, ஒரே இடத்தில் நின்று ஆட வாய்த்தவரின் சராசரியோடு ஒப்பிடுவது நியாயமாகாது.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அன்றைய நியூசிலாந்து பந்துவீச்சு வலுவானதல்ல. அந்நாடு அதுவரை ஒரு டெஸ்ட் போட்டியிலும் வென்றதில்லை. முதல் வெற்றி அதே ஆண்டு மார்ச்சில் ஆக்லாந்தில்தான் கிடைத்தது. ஆனால் அதே பந்துவீச்சை எதிர்த்து வேறு பலரும் ஆடியிருக்கிறார்கள். 413 இந்த இருவருக்குத்தான் வந்தது.

அதே தொடரின் முதல் போட்டியில், ஐதராபாத்தில், சென்னைக்காரர் ஒருவர் அறிமுக ஆட்டத்திலேயே ஆட்டமிழக்காமல் 100 எடுத்தார். அவர் ஏ. ஜி. கிருபால் சிங். சென்னையில் வாழ்ந்த சீக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1954-55இல் சென்னை மாகாணம் முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றதில் பெரும்பங்கு இவருடையது. டெஸ்டில் அதற்குப் பிறகு சதம் அமையவில்லை. 14 போட்டிகள், சராசரி 28.13.

குந்தரனும் இன்ஜினியரும்

இந்த வரலாற்றில் மிகவும் யோசிக்க வைப்பது இரண்டு விக்கெட் காப்பாளர்களின் கதை. புதி குந்தரனும் ஃபரூக் இன்ஜினியரும் 1960களில் இந்திய அணியின் ஓர் இடத்துக்காகப் போட்டியிட்டவர்கள். இருவரும் தொடக்க ஆட்டக்காரர்கள், இருவரும் அடித்து ஆடுபவர்கள். இருவரின் மறக்க முடியாத ஆட்டங்களும் சென்னையில், பொங்கல் சமயத்தில், மூன்று ஆண்டு இடைவெளியில் நடந்தன.

கர்நாடகத்தின் முல்கியில் பிறந்த குந்தரன், 1960 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தம் இரண்டாவது டெஸ்டைச் சென்னையில் ஆடினார். ரிச்சி பெனோவின் அணி இந்தியாவை 149க்குச் சுருட்டியது. அதில் 71 குந்தரனுடையது, ஏறத்தாழ பாதி. ஆனாலும் அவரது நாள் 1964 ஜனவரி 10. இங்கிலாந்துக்கு எதிரான முதல் டெஸ்டின் முதல் நாள் முடிவில் அவர் 170 ஓட்டங்களுடன் களத்தில் நின்றார். மறுநாள் 192இல் ஆட்டமிழந்தார். இந்திய விக்கெட் காப்பாளர் ஒருவரின் அதிகபட்ச ஓட்டமாக அது 49 ஆண்டுகள் நின்றது. 2013 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக தோனி 224 எடுத்து அதைக் கடந்தார். அதுவும் சேப்பாக்கத்தில்.

அந்த 1964 போட்டியை இன்று பலரும் நினைவில் வைத்திருப்பது வேறொன்றுக்காக. இங்கிலாந்து ஆடியபோது பாபு நட்கர்னி 32 ஓவர்கள் வீசி 27 ஓவர்களில் ஓட்டமே கொடுக்கவில்லை. மொத்தம் கொடுத்தது 5 ஓட்டங்கள். அவற்றில் 21 ஓவர்கள் தொடர்ச்சியானவை. ஒரு நாளில் 170 அடித்தவரைப் பின்தள்ளிவிட்டு, ஓட்டமே வராத 21 ஓவர்கள் வினாடி வினாக்களில் இடம் பிடித்தது ஒரு வேடிக்கைதான்.

அந்தத் தொடரில் குந்தரன் டெல்லியிலும் ஒரு சதம் அடித்தார். மொத்தம் 525 ஓட்டங்கள். ஒரு விக்கெட் காப்பாளர் ஒரே தொடரில் இவ்வளவு எடுப்பது இன்றும் அரிது. அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலிய அணி வந்தபோது மூன்று டெஸ்டுகளிலும் இந்தியாவின் காப்பாளர் குந்தரன் அல்லர், இந்திரஜித்சிங்ஜி. எழுநூறு எண்ணூறு ஓட்டங்கள் எடுத்திருந்தால் வைத்துக்கொண்டிருப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

குந்தரன் மொத்தம் ஆடியது 18 டெஸ்டுகள். 981 ஓட்டங்கள், சராசரி 32.70. சென்னையில் எடுத்த 192ஐ நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் அது 27க்கு இறங்குகிறது. இதைக் காட்டி "ஒரு நாள் அதிர்ஷ்டம்" என்று சொல்லவும் முடியும். ஆனால் உள்ளே, வெளியே என்று ஏழாண்டுகள் இழுக்கப்பட்டவர் சீராக ஆட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியா? 1967இல் பர்மிங்காமில் ஆடிய கடைசி டெஸ்டில் அவர் காப்பாளராகக்கூட இல்லை. மட்டை வீச்சையும் பந்துவீச்சையும் இரண்டையுமே அவரைக் கொண்டு தொடங்கினார்கள். பிறகு ஸ்காட்லாந்தில் குடியேறி அந்நாட்டுக்காகவும் ஆடினார். 2006இல் அவர் இறந்தபோது அந்த 192 இன்னும் முறியடிக்கப்படவில்லை.

1966-67 பருவத்தில் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது முதலில் குந்தரன்தான் ஆடினார். மும்பையில் ஒரு 79உம் எடுத்தார். சென்னையில் நடந்த மூன்றாவது டெஸ்டுக்கு இன்ஜினியர் அழைக்கப்பட்டார். 1967 ஜனவரி 13. டெஸ்ட் கிரிக்கெட் மாநகராட்சி அரங்கிலிருந்து சேப்பாக்கத்துக்குத் திரும்பிய நாள். எதிரே வெஸ் ஹால், சார்லி கிரிஃபித், கேரி சோபர்ஸ், லான்ஸ் கிப்ஸ். தலைக்கவசம் இல்லாத காலம். உணவு இடைவேளைக்குள் இன்ஜினியர் 94 ஓட்டங்கள் எடுத்துவிட்டார். இன்னும் ஆறு ஓட்டங்கள் எடுத்திருந்தால், டெஸ்டின் முதல் நாள் உணவு இடைவேளைக்கு முன் சதமடித்த முதல் இந்தியர் அவராகியிருப்பார். அந்தப் பெருமை 2018இல் பெங்களூரில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ஆடிய ஷிகர் தவனுக்குத்தான் கிடைத்தது. அன்றைய மேற்கிந்தியப் பந்துவீச்சையும் 2018இல் தம் முதல் டெஸ்டை ஆடிய ஆப்கானிஸ்தானையும் அருகருகே வைத்துப் பார்த்தால், 94 எந்த இடத்தில் நிற்க வேண்டியது என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

இன்ஜினியர் 109இல் ஆட்டமிழந்தார். இந்தியா அந்தப் போட்டியில் வெற்றியை நெருங்கியது. 322 எடுக்க வேண்டிய எதிரணி ஏழு விக்கெட்டுகளை இழந்தபின், சோபர்ஸும் கிரிஃபித்தும் கடைசிவரை நின்று தோல்வியைத் தவிர்த்தார்கள். இன்ஜினியரின் இறுதிக் கணக்கு 46 டெஸ்டுகள், சராசரி 31.08. நாள் முழுவதும் காப்பாளராகக் குனிந்து நிமிர்ந்துவிட்டு, சற்று நேரத்தில் புதிய பந்தை எதிர்கொள்ளப் போக வேண்டிய வேலைக்கு அது எவ்வளவு என்பதை எந்தப் பட்டியலும் தனியாகக் காட்டுவதில்லை.

உள்ளூர்க்காரர்கள்

கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் 43 டெஸ்டுகளில் எடுத்தது இரண்டு சதங்கள். ஒன்று 1986 ஜனவரியில் சிட்னியில், 116. மற்றது 1987 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக, 123. பாகிஸ்தான் முதலில் 487 எடுத்துவிட்டு, இம்ரான் கானையும் வாசிம் அக்ரமையும் அப்துல் காதிரையும் கையில் வைத்திருந்தது. அவர்கள் முன்னால் ஸ்ரீகாந்த் சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன் தம் வழக்கப்படியே அடித்தார். மறுமுனையில் கவாஸ்கர் 91. ஸ்ரீகாந்தின் சராசரி 29.88. அவர் விஷயத்தில் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அவர் ஆடிய முறையின் விலை அது. அந்த விலையைக் கொடுத்துத்தான் 123ஐயும் வாங்க முடிந்தது.

சராசரி எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். 2016 டிசம்பரில் கருண் நாயர் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 எடுத்தார். அது அவரது மூன்றாவது இன்னிங்ஸ். முந்தைய இரண்டும் 4, 13. அன்று மாலை அவரது டெஸ்ட் சராசரி 160. அடுத்த ஆண்டே அணியில் இடம் இழந்தவர், மீண்டும் டெஸ்ட் ஆட 2025 வரை காத்திருந்தார்.

ரவிச்சந்திரன் அஸ்வினின் சராசரி 25.75. ஆனால் சதங்கள் ஆறு. டெஸ்டில் தோனி அடித்த சதங்களும் ஆறுதான். முதல் நான்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக வந்தவை என்பதால் அவற்றைக் குறைத்துப் பேசியவர்கள் உண்டு. ஐந்தாவது 2021 பிப்ரவரியில், இங்கிலாந்துக்கு எதிராக, அவர் வளர்ந்த சேப்பாக்கத்தில். முதல் நாளிலிருந்தே பந்து திரும்பிய ஆடுகளம். இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸ் 134இல் முடிந்தது. அதில் ஐந்து விக்கெட்டுகள் அஸ்வினுக்கு. இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டுகள் 106க்கு விழுந்திருந்தபோது உள்ளே வந்தார். கோலியுடன் 96 ஓட்டங்கள் சேர்த்தார். அவர் போனபின் வாலுடன் நின்றார். கடைசி ஆட்டக்காரர் முகமது சிராஜ் துணைநிற்கச் சதத்தை எட்டியபோது, சிராஜ் தாமே சதமடித்தவர்போல் துள்ளிக் குதித்தார். அஸ்வின் 148 பந்துகளில் 106. ஆடவே முடியாது என்று சொல்லப்பட்ட களத்தில் எட்டாவது இடத்தில் வந்தவர் அடித்தது.

பதினோராம் ஆட்டக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டங்களில் இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. 2019 பிப்ரவரியில் டர்பனில், இலங்கையின் குசல் பெரேரா ஆட்டமிழக்காமல் எடுத்த 153. இலக்கு 304, ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது இன்னும் 78 தேவை. ஸ்டெய்னும் ரபாடாவும் வீச, விஷ்வ பெர்னாண்டோ 6 ஓட்டங்கள் மட்டும் எடுத்து மறுமுனையைக் காத்தார். இலங்கை ஒரு விக்கெட்டில் வென்றது. டெஸ்ட் வரலாற்றின் மிகச் சிறந்த ஆட்டங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. பெரேராவின் டெஸ்ட் சராசரியும் 30ஐ ஒட்டியதுதான்.

அஸ்வின் 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இன்னொரு முறை இதைச் செய்தார். வங்கதேசத்துக்கு எதிராக இந்தியா 144க்கு ஆறு விக்கெட்டுகளை இழந்திருந்தது. ஜடேஜாவுடன் 199 ஓட்டங்கள் சேர்த்து 113 எடுத்தார். வங்கதேசத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் 88 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 38. மன்கட் 231 எடுத்தபோதும் அவருக்கு 38தான். சேப்பாக்கத்தில் அஸ்வின் ஆடிய கடைசி டெஸ்ட் அது. அந்த டிசம்பரில், ஆஸ்திரேலியத் தொடரின் நடுவில், ஓய்வை அறிவித்தார்.