வாய்ப் புற்றுநோயில் வைரஸ் தொற்றின் பங்கு

உதடு, நாக்கின் முன்பகுதி, கன்னத்தின் உட்புறம், ஈறு, வாயின் அடித்தளம் ஆகியவற்றைப் போர்த்திய மென்தோலில் தோன்றுவது வாய்ப் புற்றுநோய். அதற்குப் பின்னே டான்சில், நாக்கின் அடிப்பகுதி ஆகியவை அடங்கிய வாய்த்தொண்டையில் தோன்றுவது தன்மையில் வேறான நோய். வைரஸைப் பற்றிய குழப்பங்களில் பல, இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் விளைந்தவை.

இங்கு பொருட்படுத்தத்தக்கது மனிதப் பாப்பிலோமா வைரஸ், அதிலும் குறிப்பாக அதன் 16ஆம் வகை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இவ்வைரஸே காரணம் என்று கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹாசென் 2008இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வைரஸ் ஆக்கும் இ6 என்னும் புரதம், பழுதுற்ற செல்லைப் பெருகவிடாமல் நிறுத்தும் பி53 என்ற காவல் புரதத்தைச் சிதைக்கிறது. இ7 என்னும் மற்றொன்று, செல் பிரிதலுக்குத் தடையாக நிற்கும் ஆர்பி புரதத்தை முடக்குகிறது. புகையிலையால் வரும் கட்டிகளில் பெரும்பாலும் பி53க்கான மரபணுவே பிழைபட்டிருக்க, வைரஸால் வரும் கட்டிகளில் அம்மரபணு பெரும்பாலும் பழுதின்றி இருக்கும். அதன் புரதம் மட்டுமே அழிக்கப்படும். வைரஸ் சார்ந்த வாய்த்தொண்டைப் புற்றுநோய் சிகிச்சைக்கு நன்கு இணங்குவதால், 2017இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு வகைப்பாட்டில் அதன் நோய்நிலை தனியே வரையறுக்கப்பட்டது.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வாய்ப் புற்றுநோயின் வரலாறு வெற்றிலையோடு பிணைந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய ஓர் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரிடம் காணும் வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1933இலேயே எழுதினார். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் அறிவித்தது. தமிழகத்தில் வெற்றிலை பாக்கு மங்கலப் பொருளாக மதிக்கப்படுவதால், இந்தத் தீங்கை மக்களிடம் எடுத்துரைப்பது எளிதன்று.

வெற்றிலை போடுவோரின் கட்டிகளில் வைரஸும் உண்டா என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகள் பெரிதும் முரண்பட்டன. திருவனந்தபுரம் ஆய்வாளர்கள் 91 கட்டிகளைச் சோதித்து 1995இல் வெளியிட்ட முடிவில், ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கில் வைரஸின் மரபுப்பொருள் காணப்பட்டது. மாறாக, சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம் ஆகிய நகரங்களும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வு 2003இல் வெளிவந்தபோது, 766 வாய்க் கட்டிகளில் 3.9 விழுக்காட்டிலும் 142 வாய்த்தொண்டைக் கட்டிகளில் 18.3 விழுக்காட்டிலும் மட்டுமே அது இருந்தது. மரபுப்பொருளின் மிகச் சிறு துணுக்கையும் பலமடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை, வாயில் தற்செயலாகத் தங்கிய வைரஸையும் பிடித்துவிடும் என்பது இம்முரண்பாட்டை ஓரளவு விளக்குகிறது. இ6, இ7 புரதங்களுக்கான ஆர்என்ஏ கட்டியில் உருவாகிக்கொண்டிருப்பதைக் காட்டினாலொழிய, வைரஸையே காரணமாகச் சொல்வது பொருந்தாது. சுண்ணாம்பும் பாக்கும் உண்டாக்கும் நுண்புண்களின் வழியே வைரஸ் தோலின் அடியடுக்கை எட்டக்கூடும் என்பது கேட்கத் தக்க கருதுகோளே. ஆயினும் அது இன்னும் கருதுகோளாகவே நிற்கிறது.

ஆகவே இந்நாட்டில் கன்னத்திலும் ஈறிலும் வரும் புற்றுநோய்க்குப் புகையிலையும் பாக்குமே முதற்காரணங்கள். வைரஸைச் சுட்டி அவற்றின் பழியைக் குறைப்பது நோயாளிகளுக்கு இழைக்கும் தீங்காகும். சீரம் நிறுவனம் உருவாக்கி 2022இல் ஒப்புதல் பெற்ற செர்வாவாக் உள்ளிட்ட தடுப்பூசிகள் 16ஆம் வகைத் தொற்றைத் தடுக்கின்றன. ஏற்கெனவே பற்றிய தொற்றை அவை நீக்குவதில்லை, பாக்கு மெல்லுவதால் வரும் புற்றுநோயையும் தடுப்பதில்லை.