கிட்டங்கியும் வயலும்: பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் நிறுவனங்கள் எதிர்கொண்ட பண்பாட்டுச் சிக்கல்

முன்னுரை

ஒரு வணிக நிறுவனம் கடல் கடந்து செல்லும்போது மூலதனத்தோடு தன் பண்பாட்டையும் உடன்கொண்டு செல்கிறது. அப்பண்பாடு அரணாகவும் அமையலாம், வேலியாகவும் அமையலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செட்டிநாட்டிலிருந்து தென்கிழக்காசியாவில் பரவிய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டித்தொழில் நிறுவனங்கள் இவ்விரு நிலைகளுக்கும் சான்றாகின்றன.

கிட்டங்கியும் கோயிலும்

நகரத்தார் நிறுவனங்கள் ‘விலாசம்’ எனப்படும் முதலெழுத்துகளால் அறியப்பட்டன. ஊரிலிருந்த முதலாளி, தம் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரைப் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் மேலாளாக அனுப்பினார். அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் அவருக்குத் துணையாயினர். குடும்பத்தினர் பொதுவாக ஊரிலேயே தங்கினர். பல விலாசங்கள் ஒரே கிட்டங்கியில் இயங்கின. சென்ற இடமெல்லாம் முருகன் கோயில் எழுந்தது. சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ரங்கூனில் நகரத்தார் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தனர். அயல்நாட்டில் பெருந்தொகைகள் நம்பிக்கையின்மேல் கைமாறியமைக்கு இவ்வுட்பிணைப்பே அடிப்படை எனலாம். ஆயினும் அதே பிணைப்பு, கடன் பெற்ற மக்களின் வாழ்விலிருந்து நிறுவனத்தை விலக்கியும் வைத்தது.

கடனும் நிலமும்

1930ஆம் ஆண்டையொட்டிப் பர்மாவில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் நிறுவனங்கள் இருந்தன. கீழ்ப் பர்மாவின் நெல் விளைச்சல் பெரிதும் அவற்றின் கடனையே சார்ந்திருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை சரியவே, அடைமான நிலங்கள் கடனுக்கு ஈடாக நிறுவனங்களிடம் சேர்ந்தன. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்தம் நிலவுடைமை, 1937-38க்குள் சுமார் 25 விழுக்காடாயிற்று. பணம் பணமாகத் திரும்புவதே வட்டித்தொழிலின் நோக்கம். நிலம் அவர்கள் விரும்பிய பொருளன்று. விலைச்சரிவும், நிலத்தைக் கடனுக்கு ஈடாக்க இடமளித்த ஆங்கிலேயர் சட்டமும் இதற்குப் பொறுப்பாவன. எனினும், பேரேட்டில் கடன் தீர்வாகப் பதிவான செயல், உழவருக்கு மூதாதையர் மண் அயலார் கைக்குச் சென்ற இழப்பாகவே தோன்றியது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது நகரத்தார் பலர் வெளியேறினர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில நாட்டுடைமைச் சட்டத்தை இயற்றியது.

மலாயாவின் நிலை

வட்டியை விலக்கும் இஸ்லாமிய நெறியைப் பின்பற்றிய மலாய்க்காரரிடையேயும் நில அடைமானக் கடன் பரவியது. மலாய்க்காரர் நிலம் பிறர் கைக்குப் போவதைத் தடுக்கக் கூட்டு மலாய் மாநிலங்களில் 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இயற்றப்பட்டது. 1933இல் அது மேலும் இறுக்கப்பட்டது. பர்மாவில் காலங்கடந்து வெடித்த சிக்கல், இங்கு முன்னரே சட்டத்தால் வரம்பிடப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

நகரத்தாரின் கணக்குத் திறனும் கோயிற்பணியும் நம் பாடநூல்களில் போற்றத்தக்கவையே. அவற்றோடு கடன் வாங்கியவரின் வரலாறும் கற்பிக்கப்படல் வேண்டும். தன்னவரிடையே நம்பிக்கையை வளர்த்த நிறுவனம், தான் தொழில் செய்த மண்ணின் மக்களுக்கு நிலம் என்றால் என்ன பொருள் என்பதை உணரத் தவறின், அதன் முதலும் அம்மண்ணிலேயே தங்கிவிடும். பர்மாவில் நிகழ்ந்தது அதுவே.